காலி எடை

நாயைத் தூக்குவதற்கு முன்னால் அவர் சட்டைப்பையைக் காலி செய்வார். முதலில் பேனா, பிறகு கண்ணாடிக் கூடு, சீப்பு, சாவிக்கொத்து. ஒவ்வொன்றையும் ஜன்னல் விளிம்பில் அவசரப்படாமல் வரிசையாக வைப்பார். கடிகாரம் கழலும். பெல்ட் கழலும், பேண்ட் நழுவாமலிருக்க முழங்கையால் இடுப்பை அழுத்திக்கொள்வார். செருப்பை விட்டுவிட்டு இரண்டு பாதங்களையும் மிதியடியில் தேய்ப்பார், ஒட்டியிருக்கும் மணல்கூடக் கணக்கில் வந்துவிடக் கூடாது என்பதுபோல. அதற்குப் பிறகுதான் குனிந்து, ஒரு கையை நெஞ்சுக்குக் கீழும் இன்னொரு கையைப் பின்தொடைகளுக்குக் கீழும் கொடுத்து, நாயோடு எடை மெஷினில் ஏறுவார்.

நாயின் உடம்பு கீழே பார்க்கவிடாது. அதனால் எண்ணை அவர் மனைவியான அண்ணிதான் உட்கார்ந்து படிக்க வேண்டும்.

"அசையாதீங்க. முள்ளு ஆடுது."

"நான் எங்க அசையிறேன். அதோட வாலைப் பிடி."

"வாலைப் பிடிச்சா என் எடையும் சேர்ந்துடும்னு போன வாரம் திட்டினீங்க."

"சரி, பிடிக்காத. படி."

அண்ணி படிப்பார். அவர் நாயை இறக்கிவிட்டு, கூரையைப் பார்த்தபடி மனதுக்குள் கழிப்பார். அந்த ஒரு கணம் அவர் உதடு அசையும். பிறகு நாயின் எடையைச் சொல்வார், கோயில் மணி அடித்தது மாதிரி ஒரே தடவை.

ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் இது நடக்கும். அவர்கள் வீட்டு மாடியறையில் நான் வாடகைக்கு இருந்தேன். வேலையும் அவரோடுதான். ஊருக்கு வெளியே லாரிகள் வந்து நிற்கும் எடைமேடையில் அவர் எடை பார்ப்பவர், நான் பக்கத்து நாற்காலியில் எடைச்சீட்டு அடிப்பவன். லாரிக்காரர்கள் அவரை 'டன்' என்பார்கள். கோபம் வந்தால் வெறும் டன், காரியம் ஆக வேண்டுமென்றால் டன் அண்ணே.

எடைமேடையின் வேலை எளிது. லோடு ஏற்றிய லாரியை நிறுத்தி ஒரு எடை, இறக்கிவிட்டு வந்த வெறும் லாரிக்கு ஒரு எடை. அதைக் கழித்தால் சரக்கு. வெறும் லாரியின் எடையைக் காலி எடை என்போம். வாடிக்கை வண்டிகள் இரண்டாம் முறை வருவதில்லை. அவற்றின் காலி எடையெல்லாம் அவர் தலையில் இருந்தது. எண் பலகையைப் பார்த்ததும் கையை ஆட்டிப் போகச் சொல்லிவிடுவார். எப்போதாவது ஒரு வண்டியை நிறுத்தி, "பின் கதவு மாத்திட்டியா?" என்பார். டிரைவர் வாயைப் பிளப்பான். மாற்றியிருப்பான். அந்தச் சாலையில் மேடையைச் சந்தேகப்பட்டவர்கள் உண்டு, அவர் தலையைச் சந்தேகப்பட்டவர்கள் இல்லை.

நாய்க்குப் பெயர் ஸ்டெப்னி. குட்டியாக இருந்தபோது ஒரு லாரியின் அடியில், மாற்றுச் சக்கரத்தின் வளையத்துக்குள் சுருண்டு தூங்கியபடி எங்கிருந்தோ வந்ததாம். டிரைவர், "இது என் லோடுல இல்ல" என்று சொல்லி இறக்கிவிட்டுப் போய்விட்டான். அதிலிருந்து அது மேடையின் நாய். அடர்ந்த முடி, அகலமான தலை. காலையில் அவரோடு நடந்து வரும், மேடையின் ஓரத்தில் படுக்கும், மாலையில் அவரோடு திரும்பும்.

"என்ன டன் அண்ணே, நாய் மேடையில படுத்திருக்கு. அதையும் என் லோடுல சேர்த்துட்டீங்களா?"

"அதோட எடையை அப்பவே கழிச்சாச்சு. நீ நகரு, பின்னாடி ஹாரன் அடிக்கிறான்."

உண்மையில் அந்த மேடைக்கு நாயைத் தெரியவே தெரியாது. பத்து பத்துக் கிலோவாகத் தாண்டும் எந்திரம் அது. லாரிகளுக்காகச் செய்தது.

ஒருநாள் ஸ்டெப்னி எடைமேடை அறைக்கு ஏறும் ஒற்றைப் படியின் முன்னால் நின்றுவிட்டது. முன்கால்களை வைத்தது, எடுத்தது, மறுபடி வைத்தது. பிறகு அவரைப் பார்த்தது. குரல் எதுவும் இல்லை. நாய்கள் வலியைச் சொல்வதில்லை. செய்துகொண்டிருந்ததைச் செய்யாமல் விட்டுவிடுகின்றன. அவ்வளவுதான் அவற்றின் மொழி.

மறுநாள் வேன் பிடித்துக் கால்நடை டாக்டரம்மாவிடம் கொண்டுபோனோம். இடுப்பு மூட்டுகள் இரண்டும் தேய்ந்திருந்தன. முன்முழங்கை ஒன்றிலும் ஆரம்பித்திருந்தது.

"தேஞ்சது திரும்பி வராது. வலியைக் குறைக்கலாம், அவ்வளவுதான்" என்றார் டாக்டரம்மா.

"முழுசா போகாதா?"

"போகாது. ஆனா நடக்கும். வழவழன்னு தரை இருந்தா விரிப்புப் போடுங்க. தாவ விடாதீங்க. மருந்தை வெறும் வயித்துல கொடுக்காதீங்க."

மருந்துப் பாட்டிலோடு ஊசியில்லாத ஒரு சிரிஞ்சு இருந்தது. அதன் உடம்பில் மில்லிக் கோடுகளுக்குப் பதில் கிலோக் கோடுகள். நாய் எத்தனை கிலோவோ அந்தக் கோடு வரைக்கும் மருந்தை இழுத்துச் சாப்பாட்டின் மேல் விட வேண்டும். அவர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன் தொழிலை யாரோ சுண்டுவிரல் அளவுக்குச் செய்து கையில் கொடுத்த மாதிரி அவர் முகம் இருந்தது.

"எடைக்கு மேல ஒரு கோடுகூடப் போகக் கூடாது. வயித்துல புண்ணு வரும், கிட்னி போயிடும். மனுஷங்க மாத்திரையைத் தொடவே தொடாதீங்க" என்றார் டாக்டரம்மா.

"ஓவர்லோடு. எனக்குத் தெரியாதா டாக்டரம்மா."

அன்று அங்கே பார்த்த எடை முப்பத்திநாலு கிலோ. திரும்பி வரும்போது வேன் ஒவ்வொரு வேகத்தடையிலும் குலுங்க, ஸ்டெப்னி கத்தியது. அதுவரை நான் கேட்டிராத சத்தம். இனிமேல் கொண்டுவந்து அலைக்கழிக்க வேண்டாம், வீட்டிலேயே எடை பார்த்துப் போனில் சொல்லுங்கள் என்று டாக்டரம்மாவே சொல்லிவிட்டார்.

மருந்து வேலை செய்தது. சில வாரங்களில் ஸ்டெப்னி படியேறியது. மேடை ஓரத்துக்கு வந்து படுத்து, பழைய பகையுள்ள ஒரு லாரியைப் பார்த்து உறுமவும் செய்தது. அந்த லாரிக்காரன் இறங்கி வந்து சலாம் வைத்தான். அவர் அன்று முழுக்க விசில் அடித்துக்கொண்டிருந்தார். அந்த நாட்களைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது.

பிறகு எடை இறங்க ஆரம்பித்தது.

முதலில் ஒரு கிலோ. கோடு ஒன்று கீழே வந்தது. பிறகு இன்னொன்று. பின்தொடைகளில் சதை வற்றியிருந்ததை யாரும் பார்க்கலாம். மற்றதையெல்லாம் முடி மூடியிருந்தது. அவர் தன் தட்டிலிருந்து பாதியை அதற்குத் தள்ளிவிட ஆரம்பித்தார். எனக்குப் பசியில்லை, அது பாவம் உருகுது என்பார். நாய் அவ்வளவையும் சாப்பிட்டது. தட்டை நகர்த்தி நகர்த்தி நக்கி, சுவர் வரை கொண்டுபோகும். அடுத்த ஞாயிறு எடை மறுபடி குறைந்திருக்கும்.

"சாப்பாடெல்லாம் எங்கதான் போகுது இதுக்கு?" என்பார் அண்ணி. துணி ஆலையில் தையல் மெஷினில் உட்கார்ந்துவிட்டு வருகிறவர். வந்ததும் நாயின் விரிப்பைத் துவைப்பார், திட்டிக்கொண்டே. "நாய் இளைக்குதுன்னு இவரும் கூடச் சேர்ந்து இளைக்கிறாரு தம்பி. நல்ல ஜோடிப் பொருத்தம்."

மேடையிலும் கேட்டார்கள். "என்னண்ணே, சட்டை யாரோடது?"

"துவைச்சுத் துவைச்சு விரிஞ்சுபோச்சு."

"துணி சுருங்கும்னுதான் நாங்க கேள்விப்பட்டிருக்கோம்."

அவர் பெல்ட்டில் ஆணியால் புதிய ஓட்டை போட்டுக்கொண்டார். நாய்க்கவலை என்று எல்லோரும் நினைத்தோம். அவரும் அப்படித்தான் நினைத்தார். அப்படி நினைக்க எல்லா நியாயமும் இருந்தது.

ஒரு ஞாயிறு அவர் நாயைத் தூக்கும்போது தடுமாறிச் சுவரைப் பிடித்தார். நான் படியிறங்கிக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, நான் தூக்கட்டுமா?"

"வேண்டாம் தம்பி. தூக்கறவன் மாறினா காலி எடை மாறிடும். என் காலி எடை எழுபத்தொண்ணு. கல்யாணத்துலேர்ந்து அதேதான், நான் பழைய வண்டி." மூச்சு வாங்கினார். "என்னமோ, எடை குறையக் குறையத் தூக்கக் கனமா இருக்கு."

"வயசாகுதுன்னு அர்த்தம்" என்றார் அண்ணி.

வலி திரும்பி வந்தது. காலையில் எழுந்து நிற்கவே ஸ்டெப்னிக்கு வெகுநேரம் ஆனது. முதலில் முன்பக்கம் எழும். பின்பக்கம் தரையிலேயே இருக்கும். அப்படியே பாதி எழுந்த நிலையில், யாரோ கூப்பிட்டு வந்த காரியம் மறந்துவிட்டதுபோல, எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கும். அவர் ஒரு துண்டை அதன் வயிற்றுக்கடியில் கொடுத்துத் தூக்கி நிறுத்துவார். மேடைக்கு வருவது நின்றுபோனது. படுத்த இடத்தில் கோணிச்சாக்கு மட்டும் கிடந்தது. லாரிகள் பழக்கத்தில் அதைச் சுற்றிக்கொண்டு போயின.

போனில் டாக்டரம்மா கேட்பார். ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு அவர் நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொல்வார்.

"எவ்வளவு?"

"இருபத்தேழு."

அந்தப் பக்கம் காகிதம் புரண்டது. "போன தடவை இருபத்தொன்பது சொன்னீங்க இல்ல? சாப்பிடுதா?"

"தட்டைக்கூட விட்டுவைக்கல."

"நல்லா சாப்பிட்டும் இறங்குதுன்னா உள்ள வேற ஏதோ இருக்கு. ஸ்கேன் பண்ணணும். கொண்டுவர முடியுமா?"

கொண்டுபோகப் பார்த்தோம். முதல் வேகத்தடையிலேயே அவர் வேனைத் திருப்பச் சொல்லிவிட்டார். டாக்டரம்மாவின் கம்பவுண்டர் வீட்டுக்கு வந்து, முன்காலில் கொஞ்சம் முடியை மழித்து ரத்தம் எடுத்துப் போனார். கிட்னி, ஈரல் எல்லாம் நன்றாக இருந்தன. அது ஆறுதலாக இல்லை. எதனால் என்று தெரியாதது இன்னும் பெரிதானது.

"கூட வேற மருந்து சேர்க்கலாம். ஆனா காரணம் தெரியாம இளைக்கிற உடம்புல இன்னொண்ணைக் கொட்ட எனக்குத் தைரியம் இல்ல. இப்ப இருக்கிற எடைக்கு என்னவோ அதை மட்டும் கொடுங்க" என்றார் டாக்டரம்மா.

அன்று மாலை அண்ணி சிரிஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "பழைய கோட்டுக்கே ஒரு நாள் ஏத்திப் போட்டா என்ன? நல்லா இருந்துச்சே அப்போ."

"அப்போ முப்பத்திநாலு."

"ஒரே ஒரு நாள்."

"பேசாம இரு. கிட்னிக்கு நீ பதில் சொல்லுவியா?" சிரிஞ்சை வாங்கி, கண்ணுக்கு நேரே பிடித்து, கோட்டுக்கு மேலே நின்ற ஒரு சொட்டையும் பாட்டிலுக்குள் திரும்பத் தள்ளினார். ஸ்டெப்னி படுத்தபடி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தது.

கோடைக்காலம். ஒரு ஞாயிறு வழக்கம்போலப் பேனா, கூடு, சீப்பு, சாவி எல்லாம் ஜன்னலுக்குப் போயின. அவர் குனிந்து கையைக் கொடுத்ததும் ஸ்டெப்னி அவர் மணிக்கட்டைக் கடித்தது. கடித்துவிட்டு உடனே விட்டது. ரத்தம் வந்தது. இத்தனை வருஷத்தில் அது அவரை நோக்கிப் பல்லைக் காட்டியதுகூட இல்லை. அவர் கையை உதறவில்லை.

"வலி கடிச்சிருக்கு. அது கடிக்கல" என்றார்.

கடிபட்ட கையாலேயே தூக்கி ஏறினார். அண்ணி படித்தார். அவர் கழித்தார். இருபத்திமூணு. பிறகு டாக்டரம்மாவுக்குப் போன் செய்து, இருபத்திமூணு என்று மட்டும் சொன்னார். டாக்டரம்மா, "நான் வரட்டுமா?" என்றார். எதற்கு என்று இரண்டு பேரும் சொல்லவில்லை.

மறுநாள் கம்பவுண்டரோடு வந்தார். ஸ்டெப்னி விரிப்பில் கிடந்தது, வாலை ஒருமுறை தரையில் தட்டியது. டாக்டரம்மா அதன் பக்கத்தில் முட்டிபோட்டு உட்கார்ந்து, பின்தொடையில் கைவைத்துப் பார்த்துவிட்டு, "எலும்புதான் இருக்கு" என்றார். எடையைக் கேட்டு, கடைசி ஊசிக்கான மருந்தை இழுத்தார். அது போதவில்லை. நாயின் கண் மூடவில்லை, வளர்த்தவரைத் தேடிக்கொண்டே இருந்தது. டாக்டரம்மா புட்டியை எடுத்து இரண்டாம் முறை இழுக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு தேடுவது நின்றது.

அந்தத் தெருவில் புதைக்க மண் கிடையாது, வாசல்வரை கான்கிரீட். எரிக்கும் இடத்துக்குத் தாங்களே கொண்டுபோவதாகச் சொன்னார்கள். கம்பவுண்டரும் வேன் டிரைவரும் விரிப்போடு தூக்கினார்கள். வாசலில் ஒருமுறை இறக்கிவைத்துப் பிடியை மாற்றிக்கொண்டார்கள்.

அவர் எடை மெஷினை எடுத்துப் பரண்மேல் போட்டார்.

மேடையில் வேலை முன்போலவே நடந்தது. கோணிச்சாக்கை யாரும் எடுக்கவில்லை. மழை வந்து அது ஊறி, கரைக்கு ஒதுங்கிய மீன்மாதிரி கிடந்தது. அவர் இன்னும் மெலிந்தார். துக்கம் என்றோம். சாப்பாட்டைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். தள்ளிவிடத்தான் இப்போது ஆள் இல்லையே என்று நான் நினைத்துக்கொண்டேன். பெல்ட்டில் ஓட்டை போட இடமில்லாமல் கயிறு கட்டிக்கொண்டார். மழை முடிந்த பிறகு ஒருநாள் லாரியொன்று ஹாரன் அடித்துக்கொண்டே இருக்க, அவர் நாற்காலியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தார். அண்ணியும் நானும் கைத்தாங்கலாக மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம்.

நர்ஸ் எடை பார்க்க ஏறச் சொன்னார். அவர் பழக்கத்தில் சட்டைப்பையைக் காலி செய்தார். நர்ஸ் சிரித்தார். "பேனாவெல்லாம் இருக்கட்டும் அண்ணா, ஏறுங்க." அவர் ஏறினார். "ஐம்பத்தஞ்சு."

அவர் இறங்கவில்லை. "மெஷின் சரியில்ல சிஸ்டர்."

"எல்லாரும் இதையேதான் சொல்றாங்க."

"தம்பி, நீ ஏறு."

மேடையை வருஷத்துக்கு ஒரு தடவை எடைக்கல் வைத்துச் சோதிப்பார்கள். சந்தேகம் வந்தால் நாங்கள் செய்வதும் அதுதான், எடை தெரிந்த ஒன்றை ஏற்றிப் பார்ப்பது. போன மாதம் வேலைக்கான உடல் சோதனையில் நான் ஐம்பத்தெட்டு. ஏறினேன். ஐம்பத்தெட்டு காட்டியது.

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். கூரையைப் பார்த்தார். உதடு அசைந்தது. நான் அந்த அசைவை அறிவேன்.

"பெல்ட்டுல முதல் ஓட்டை எப்போ போட்டேன்?" என்று அண்ணியிடம் கேட்டார்.

"இப்ப எதுக்கு அது?"

"எப்போ?"

"ஸ்டெப்னி இருந்தப்பவே போட்டீங்க. அந்த வேனைத் திருப்பினீங்களே, அதுக்கு முன்னாடியே."

அவர் தலையசைத்தார். "தம்பி, அது இறங்கவே இல்ல. நான்தான் இறங்கிட்டு இருந்திருக்கேன். என்னோடதை அதோட கணக்குல எழுதியிருக்கேன்."

அண்ணிக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. புரிந்ததும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். "நான்தானே படிச்சுச் சொன்னேன்."

"நீ சரியாத்தான் படிச்சே. கழிச்சவன் நான்."

புற்றுநோய் வயிற்றில் தொடங்கி ஈரல்வரை பரவியிருந்தது. டாக்டர் விளக்கும்போது அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. முப்பத்திநாலு கிலோ நாய்க்கு இருபத்திமூணாம் கோட்டு மருந்து என்றால் வலி எவ்வளவு மிச்சம் இருந்திருக்கும் என்று என்னிடம் கேட்டார். "மூணுல ஒரு பங்கு" என்று அவரே சொன்னார். பிறகு, "வலி அப்படிக் கழியாது இல்ல?" என்றார்.

அதற்குப் பிறகு மருத்துவமனைக் கட்டிலைவிட்டு அவர் வீட்டுக்கு வரவில்லை. வலிக்கான ஊசியோடு நர்ஸ் வரும்போதெல்லாம், "ஒரு தடவை எடை பாருங்க சிஸ்டர்" என்பார். நேத்துதானே பார்த்தோம் என்பார்கள். "நேத்து பார்த்தது நேத்து." நிற்க முடிந்தவரை எழுந்து நின்று ஏறினார். முடியாமல் போனபோது கேட்பதை மட்டும் விடவில்லை. அவர் கேட்கிறார் என்பதற்காக நர்ஸ்கள் மெஷினைக் கட்டிலருகே தள்ளிக்கொண்டுவந்து, ஏதோ ஒரு எண்ணைச் சொல்லிவிட்டுப் போனார்கள். குளிர் குறையும் முன்னே போய்விட்டார்.

அவர் நாற்காலியில் இப்போது நான் உட்காருகிறேன். வாடிக்கை வண்டிகளையும் காலியாக வந்து நிற்கச் சொல்கிறேன். டிரைவர்கள் திட்டுகிறார்கள், டன் அண்ணன் இப்படியா படுத்தினார் என்று.

ஒரு மத்தியானம் மாட்டுத்தீவனம் ஏற்றிய வண்டியில் அந்தக் கம்பவுண்டர் வந்து இறங்கினார். டன் அண்ணனைப் பற்றி விசாரித்தார், சொன்னேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். நாயைப் பற்றியும் பேச்சு வந்தது.

"அன்னைக்கு எரிக்கிற இடத்துல எடை பார்த்தாங்க" என்றார். "முப்பத்தஞ்சுக்குக் கொஞ்சம் கம்மி. தூக்கும்போதே நினைச்சேன், இருபத்திமூணா இதுன்னு. டாக்டரம்மாகிட்டச் சொன்னேன். வீட்டு மெஷின் தப்பா காட்டியிருக்கும், இப்ப சொன்னா அந்த மனுஷன் தாங்க மாட்டாரு, சொல்லாதன்னுட்டாங்க. நானும் சொல்லல."

அவர்கள் அதைச் சொல்லாமல் விட்டது கோடையின் நடுவில். அவர் மருத்துவமனைப் படியேறியது மழையெல்லாம் முடிந்த பிறகு.